மூன்று இருபத்துநாலுக்குக் கேட்ட இடி

ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாஸ்மின் அஸ்தினாபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய தம்பி வில்பிரட்டும் வந்திருந்தான்.

ஜாஸ்மினின் கணவர் டேனியல், நான் வேலை பார்த்த விமானப் பயிற்சி மையத்தில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவர். போன வருஷம் செப்டம்பர் பதினெட்டாம் தேதி ஒரு மாணவியோடு தரையிறங்கும்போது விமானம் ரன்வேக்கு முன்னாலேயே, ஏரிக்கரையில் விழுந்தது. டேனியல் அங்கேயே இறந்துபோனார். சின்மயி என்ற அந்தப் பெண் இடுப்பெலும்பு உடைந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தாள்.

அடக்கத்துக்குப் பிறகு நான் ஜாஸ்மினைப் பார்க்கவில்லை. பார்க்காமல் தவிர்த்தேன் என்று சொல்வதுதான் சரி. அவர்கள் இருப்பது சேலையூர். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் இருபது நிமிஷம்தான்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏர்ஃபோர்ஸில் இருபது வருஷம் வானிலைப் பிரிவில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். வண்டலூர் தாண்டி உள்ளே போனால் ஏரி ஒன்று வரும், அதற்கு அந்தப் பக்கம் இந்தப் பயிற்சி மையம். சின்ன ரன்வே, ஏழு விமானம். அங்கே மெட் ரூம் என்கிற வானிலை அறையில் அரைமணிக்கு ஒரு தரம் வானத்தைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் என்ன ஜாதி, எவ்வளவு உயரம், இடி உண்டா, மழை உண்டா. எழுதியதைக் கண்ட்ரோல் டவருக்கு இன்டர்காமில் சொல்ல வேண்டும். டவரில் இருப்பவர் மேலே பறப்பவர்களுக்குச் சொல்வார். நடுவில் திடீரென்று ஏதாவது மாறினால் அரைமணிக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே தனியாக ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் ஸ்பெஷல் என்போம்.

ஜாஸ்மின் சோபாவில் உட்கார்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைப் பிரித்தார். என் மனைவி தனம் கொண்டுவந்த தண்ணீரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார், குடிக்கவில்லை. ஃபைலில் இரண்டே தாள்கள் இருந்தன. ஒன்று விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கம். இன்னொன்று அன்றைய என்னுடைய ரிஜிஸ்டரிலிருந்து எடுத்த ஜெராக்ஸ். ஆறு வரிதான். ஜூன் மாதம் தபாலில் வந்ததாகச் சொன்னார்.

"இது உங்க கையெழுத்துதானேண்ணா?"

ஆமாம் என்றேன்.

ஐந்தாவது வரியில் விரலை வைத்தார். பத்து, சைபர் சைபர் என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரே எழுத்தும் எண்ணுமாக எங்கள் சுருக்கம். பிளஸ் டூ படிக்கும் மகள் கிறிஸ்டினா ஒவ்வொன்றாக போனில் தேடி அர்த்தம் எடுத்திருக்கிறாள். டி.எஸ். என்றால் இடி. சி.பி. என்றால் இடிமேகம். காற்று மேற்கிலிருந்து இருபத்தைந்து நாட், அதாவது மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், இடையிடையே முப்பத்தெட்டு நாட் வரை எகிறுகிறது. எல்லாம் சரியாகத்தான் எடுத்திருந்தாள்.

"பத்து மணிக்கு இடின்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு பத்து அஞ்சுக்கு நான் அவருக்கு போன் பண்ணேன். கிளைமேட் எப்படி இருக்குன்னு தினம் கேப்பேன். வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு, நீ நிம்மதியா வேலையப் பாருன்னாரு. அதான் அவர் கடைசியா எங்கிட்ட பேசினது."

மீதியை வில்பிரட் சொன்னான். அவன் தாம்பரம் மார்க்கெட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவன்.

"காலைலயே இடி இடிச்சிகினு கீது. அத்த மறைச்சிட்டு ரெண்டே முக்காலுக்கு பிளேன எடுத்துகினு போயிருக்காரு. கூட ஒரு சின்னப் பொண்ணு வேற. எங்க மாமா அந்த மாதிரி ஆளே கெடையாது சார். ரோட்ல மஞ்ச லைட்டு வுழுந்தாலே வண்டிய நிறுத்துவாரு, பின்னாடி வர்றவன்லாம் திட்டுவான். இந்த பேப்பர் மட்டும் வேற இன்னமோ சொல்லுது."

ஜாஸ்மின் தலை குனிந்தபடியே வீட்டு நிலைமையைச் சொன்னார். செப்டம்பர் பதினெட்டு வந்தால் வருஷம் முடிகிறது. கோயிலில் முதல் வருஷப் பூசைக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. கல்லறைக்குக் கல்லும் வைக்கவில்லை. டேனியலின் அண்ணன்மார் கோபமாக இருக்கிறார்கள். கொடுக்கலாம் என்று போன வாரம் கிளம்பியபோது கிறிஸ்டினா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"அப்பா உங்கிட்ட பொய் சொல்லிட்டு ஒரு பொண்ணையும் கொல்லப் பாத்தாரு, அவருக்கு எதுக்கும்மா பூசைன்னு கேக்கறாண்ணா. என்னால பதில் சொல்ல முடியல. எனக்கும் அப்படித்தான் தோணுது. அவர் பொய் சொன்னாரா இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

நான் அந்த ஜெராக்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. ரிஜிஸ்டரில் நேரம் எழுதும் பத்திக்கு மேலே இசட் என்ற எழுத்து இருக்கும். ஜெராக்ஸ் எடுத்தவர்கள் நடுவிலிருந்து ஆறு வரியை மட்டும் எடுத்ததில் தலைப்பு போய்விட்டது.

விமான வானிலையை உலகம் பூராவும் ஒரே கடிகாரத்தில்தான் எழுதுவோம். அது ஜி.எம்.டி. எனப்படும் கிரீனிச் நேரம், அந்த இசட் அதற்குத்தான் அடையாளம். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். முப்பது வருஷமாக அப்படியே எழுதி எழுதி, மற்றவர்களுக்கு அது தெரியாது என்பதே எங்களுக்கு மறந்துபோய்விடும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் புறப்பட்ட நேரம், விழுந்த நேரம் எல்லாம் நம் நேரத்தில் இருந்தது. வானிலைத் தாள் மட்டும் கிரீனிச் நேரத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள்.

நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். பத்து என்று இருப்பது சாயங்காலம் மூன்றரை. ஒன்பதரை என்று இருப்பது மூன்று மணி. காலை பத்து மணிக்கு எழுதியது இந்தத் தாளிலேயே இல்லை. அன்று காலையில் வானத்தில் ஒன்றுமே இல்லை, அதை எழுதியவனும் நான்தான் என்றேன்.

ஜாஸ்மின் விரல் விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினார். வில்பிரட் போனை எடுத்து அதில் ஜி.எம்.டி. என்று அடித்து இப்போது மணி என்ன என்று பார்த்தான். பார்த்துவிட்டு அக்காவிடம் காட்டினான்.

"அப்ப நெஜந்தான் சொன்னாரா?"

"நெஜந்தாம்மா."

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தனம் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். வில்பிரட் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். ஒரு மாதிரி வீடே லேசானது போல இருந்தது. அவர்கள் வந்த காரியம் முடிந்துவிட்டது. காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

தனம் காபி கொண்டுவந்தாள். ஜாஸ்மின் இரண்டு வாய் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அந்த இரண்டு தாள்களையும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப அவர் மேல போறப்ப ஒண்ணும் இல்ல. எறங்கறப்பதான் வந்திருக்கு. மேகம் இருப்பது தெரிந்தும் பைலட் தொடர்ந்தார்னு இதுல போட்டிருக்காங்களே. இடி வருதுன்னு அவருக்கு யாரும் சொல்லலையாண்ணா?"

அன்று நடந்தது இதுதான்.

மதியம் வரை வெயில். மூன்று மணிக்கு மேற்கே, வண்டலூர் குன்றுக்கு அப்பால் ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி உயரமாக எழும்பியிருந்தது. தூரம் அதிகம். இடிமேகத்துக்கு விரிவது போல உச்சி இன்னும் விரியவில்லை. வளரும் மேகம் என்று எழுதினேன். அது சரியான ரிப்போர்ட்தான். காற்று கடல் பக்கமிருந்து எட்டு நாட்.

மூன்று பத்தொன்பதுக்கு டவரிலிருந்து அந்தோணிசாமி இன்டர்காமில் கூப்பிட்டார். மேலே இருந்து டேனியல் கேட்கிறார், மேற்கே அந்த மேகம் என்ன நிலையில் இருக்கிறது, இன்னும் ஒரு முறை இறங்கி ஏறலாமா, இல்லை இதோடு முடித்துக்கொள்ளட்டுமா என்று. மேலே இருந்து மேகத்தைப் பார்க்கலாம். ஆனால் இன்ஜின் சத்தத்தில் இடி காதில் விழாது. அதனால்தான் கேட்டார். நான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு, இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, இடி இல்லை என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். சரி, இன்னும் ஒரே ஒரு முறை என்று டேனியல் சொன்னதாக அந்தோணிசாமி பிறகு சொன்னார்.

மூன்று இருபத்துநாலுக்கு இடி கேட்டது. பெரிய சத்தம் இல்லை. மரப் பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரி, நீளமாக. காதில் கேட்டதா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி இல்லை, நன்றாகவே கேட்டது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ரைஸ் மில்லின் புகைக்கூண்டு தெரியும், அது இரண்டு கிலோமீட்டர் என்பது எங்கள் கணக்கு. அதற்குப் பின்னால் கறுப்பாகி, தரையோடு செம்மண் தூசி எழும்பிக்கொண்டிருந்தது.

இடி கேட்டால் அந்த நிமிஷமே ஸ்பெஷல். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் மெட் ரூமில் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்பெஷல் கொடுத்தால் தனித் தாளில் எழுத வேண்டும், ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும், டவருக்குச் சொல்ல வேண்டும். ஆறு நிமிஷம் கழித்து அரைமணி ரிப்போர்ட்டுக்கு அத்தனையும் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் அரைமணிக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஏதாவது மாறினால் தனியாகக் கொடுக்காமல் அதிலேயே சேர்த்துவிடுவோம். நானும் அப்படித்தான், என்னோடு ஷிஃப்ட் மாற்றுகிறவரும் அப்படித்தான். ஒருமுறை நான் ஆறு நிமிஷத்தில் இரண்டு ரிப்போர்ட் கொடுத்தபோது, என்ன வேதாசலம், டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் படிக்கிறீர்களா என்று மேனேஜர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மூன்றரை ரிப்போர்ட்டில் பாதி எழுதியாகிவிட்டது. மீதியை எழுதி முடித்து ஒன்றாகச் சொல்லிவிடலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தேன்.

மூன்று இருபத்தெட்டுக்குக் கதவு தானாக அறைந்து சாத்திக்கொண்டது. வெளியே கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை உயர்ந்து அப்படியே திசை திரும்பியது. நான் இன்டர்காமை எடுத்தேன். அந்தப் பக்கம் அந்தோணிசாமி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். டேனியல் கடல் காற்றுக்கு எதிராக இறங்கிக்கொண்டிருந்தார். இடிமேகத்திலிருந்து கீழே கொட்டுகிற குளிர்காற்று மேற்கிலிருந்து முதுகில் வந்து அடித்தது. எதிர்க்காற்றில் மிதந்துகொண்டிருக்கும் சின்ன விமானத்தைத் திடீரென்று காற்று பின்னால் இருந்து அடித்தால் அப்படியே கீழே உட்கார்ந்துவிடும். ஏரிக்கரையில் உட்கார்ந்தது.

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் போன பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தேன். இடி தொடங்கிய நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தது. அதில் மூன்று இருபத்தெட்டு என்று எழுதினேன். எங்கள் நேரத்தில் சைபர் ஒன்பது ஐம்பத்தெட்டு. விசாரணைக்கு வந்தவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்தார்கள், விழுந்த நேரத்தைப் பார்த்தார்கள், இரண்டும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். ஜாஸ்மின் கையில் இருந்த ஜெராக்ஸிலும் அது இருந்தது. கடைசிப் பத்தியில், சின்ன எழுத்தில்.

ஜாஸ்மின் அப்படிக் கேட்டதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன். தனம் என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளர் எடுப்பதை நிறுத்தினாள்.

"டேனியல் சார் கேட்டாரும்மா. எறங்கறதுக்கு முன்னாடி என்னைத்தான் கேட்டாரு. நான் இடி இல்லன்னு சொன்னேன். அப்ப இல்ல. அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷத்துல இடி கேட்டுச்சு. நான் சொல்லல."

நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அரைமணி ரிப்போர்ட்டோடு சேர்க்கிற பழக்கத்தைச் சொன்னேன். கட்டத்தில் பொய் நேரம் எழுதியதையும் சொன்னேன். சொல்லும்போது எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மீதியைச் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

வில்பிரட் ஜன்னலை விட்டு வந்து எனக்கு நேராக நின்றான்.

"ஒரு வருசமா இத்த வெச்சிகினு சோறு துன்னிருக்க நீ. எங்க அக்கா ஊட்ல மாமா போட்டோவ திருப்பி வெச்சிட்டுக் கீது. எங்க கிறிஸ்டினா அப்பன் பேர சொன்னாலே எழுந்து போயிடுது. நீ இங்க சோபா போட்டு உக்காந்துகினு கீற."

"வில்பிரட், நீ வெளிய போ" என்றார் ஜாஸ்மின்.

அவன் போகவில்லை. கதவருகே போய் நின்றுகொண்டான்.

ஜாஸ்மின் என்னைப் பார்த்தார். அழுகை நின்றுபோயிருந்தது.

"இடி கேட்டதுக்கும் அவர் விழுந்ததுக்கும் நடுவுல நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எழுதிட்டிருந்தேன்."

"சொல்லியிருந்தா?"

"திரும்ப மேல ஏறியிருப்பாரு. கிழக்கால போய் சுத்திட்டு, மழை விட்டதும் வந்திருப்பாரு. அவரு அந்த மாதிரி ரெண்டு தடவ செஞ்சு நான் பாத்திருக்கேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதைத்தான்.

தலையை ஆட்டினார். பிறகு கிறிஸ்டினாவின் நோட்டிலிருந்து கிழித்த மாதிரி ஒரு கோடு போட்ட தாளை ஃபைலிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடுங்க. அவர் கேட்டது, நீங்க சொன்னது, இடி கேட்டது, எல்லாம். நம்ம நேரத்துலயே எழுதுங்க. கிறிஸ்டினா படிக்கணும்."

தமிழிலேயே எழுதினேன். மூன்று பத்தொன்பது, மூன்று இருபத்துநாலு, மூன்று இருபத்தெட்டு. டேனியல் கேட்டார் என்பதை முதல் வரியாக வைத்தேன். கீழே பெயர், வேலை, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஜாஸ்மின் நின்றபடியே இரண்டு முறை படித்தார். இது எங்கே வேண்டுமானாலும் போகும், அது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஃபைலை மூடிக்கொண்டு தனத்திடம் மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனம் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். என்னோடு அவளுக்கு இருபத்துமூன்று வருஷம். வேலை போய்விடுமே என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. அந்த அடக்கத்துக்கு நாம் இரண்டு பேரும்தானே போனோம், நான் ஜாஸ்மினைக் கட்டிப் பிடித்து அழுதேனே, அப்போது கூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் நானே மையத்துக்குப் போய் அதே விஷயத்தை இங்கிலீஷில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு இது எதற்கு வேதாசலம், முடிந்துபோன விஷயம்தானே என்றார். முடியவில்லை சார் என்றேன். மத்தியானத்துக்குள் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். விசாரணையை மறுபடியும் திறப்பதாகவும் நான் வந்து சொல்ல வேண்டும் என்றும் பத்து நாளில் கடிதம் வந்தது. அந்தோணிசாமி மட்டும் போன் செய்தார். நீங்கள் செய்தது சரிதான் என்றார். கொஞ்சம் நிறுத்தி, நானும் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம் என்றார்.

செப்டம்பர் பதினேழாம் தேதி சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தனம் கீழே தண்ணீர் மோட்டார் போடப் போயிருந்தாள். போனில் ஜாஸ்மின் பெயர் வந்தது. எடுத்ததும் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது, ரோட்டில் நின்று பேசுகிறார் போல.

"நாளைக்கு காலைல ஆறரைக்குப் பூசை. கிறிஸ்டினாவும் வர்றா. அவதான் கோயில்ல போய் பேர் குடுத்தா."

நான் எழுந்து நின்றேன்.

"உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன். நீங்க வர வேணாம் சார்."

சரி என்றேன். அவர் போனை வைக்கும் வரைக்கும் நான் வைக்கவில்லை.